வெள்ளைத் துணித் தோரணம்

“கழட்டு புள்ள அதை! மாப்புள வூட்டார் வாற நேரத்துல வாசல்ல மையத்துக் கொடியா கட்டுவாய்?”

நோன்புப் பெருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுச் சரீபா போட்ட கூச்சலில் நானும் வேலியருகே ஓடினேன். அவள் வீட்டுக் கேற்றில், சாவு வீட்டில் கட்டுவதுபோல, வரிசையாக வெள்ளைக் கொடிகள் ஆடின.

“இது அலங்காரம் உம்மா, யூடியூப்ல பார்த்துச் செஞ்சன்,” என்றாள் மகள் பஸ்மினா.

அதற்குள் கொடிகளைக் கண்டு யாரோ சொல்லி, பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கே வந்துவிட்டது. மையத்தைத் தூக்கும் அந்தப் பெட்டியைக் கண்ட சரீபாவின் புருசன் காலிதீன் காக்கா கதிரையில் ஒடுங்கி, “அல்லாஹ்வே, நான் இன்னும் மவுத்தாகல்ல!” என்று அலறினார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரின் நற்பிட்டிமுனை வேனும் வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா வெளிறிப்போனார். “முசீபத்துப் புடிச்ச வூடு, வேனைத் திருப்பு!”

சரீபா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பஸ்மினா கொடிகளை அவிழ்த்துப் பக்குவமாக மடித்து வைத்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் பஸ்மினாவைக் கலியாணம் முடித்து, அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாகக் குடிவந்தவன் றினாஸ். மருதமுனையில் தறி வைத்திருக்கும் என் தம்பி. அந்த வெள்ளைத் துணி அவன் நெய்ததுதான். அதைக் கட்ட ஏணி பிடித்தவள் நான் என்பது சரீபாவுக்கு இன்னும் தெரியாது.