முகூர்த்த நேரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஆற்றைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஒரு வேன் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையோடு புனேயில் வேலை பார்க்கிறவர்கள். நேற்று ராத்திரி வரவேற்பில் ஆடித் தீர்த்துவிட்டு, இப்போது குறுக்குத்துறைப் படியில் நின்று தாமிரபரணியைப் படம் எடுக்கிறார்கள்.

மண்டபத்தில் இந்நேரம் வடிவுக்கு முகூர்த்தப் பட்டு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வடிவு அவளுடைய தங்கை.

யோசனை சித்தப்பாவுடையது. காலையில் கையில் காபியோடு வந்தார். அவர் கையால் காபி வந்தபோதே சுதாரித்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளைக் கூட்டாளிக நம்ம ஊரைப் பாக்கணும்னு துடியாத் துடிக்காங்க தாயி. நீதான் இந்தியெல்லாம் பேசுவ. குறுக்குத்துறையக் காட்டு. நெல்லையப்பர் கோயிலக் காட்டு. அல்வா வாங்கிக் குடு. சாப்பாட்டு நேரத்துக்கு மெதுவா வந்தாப் போதும்."

மெதுவா.

அந்தச் சொல்லைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டுதான் வேனில் ஏறினாள்.

போன ஆடியில் அவள் புருஷன் செத்துப்போனான். அதற்குப் பிறகு சித்தப்பா அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவ்வளவு பாசம். வீட்டில் நல்ல காரியம் வருகிறபோதெல்லாம் அவளுக்கென்று ஒரு வெளிவேலை கண்டுபிடித்துக் கொடுக்கிற பாசம். வடிவுக்கு நிச்சயம் பண்ணிய அன்று பூ வாங்கிவர மதுரைக்கு அனுப்பினார். திருநெல்வேலியில் பூவே பூக்காத மாதிரி.

அம்மாவுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. அப்பா போனதிலிருந்து அவளே எழுந்து போய்விடுவாள். இன்றும் விடிவதற்குள் மண்டபத்துச் சாமான் அறையில் தாம்பூலப் பை போட உட்கார்ந்துவிட்டாள்.

கதவையும் அவளேதான் சாத்திக்கொண்டாள்.

நேற்று மருதாணிக் கையை விரித்துக்கொண்டு வடிவு சொன்னாள், "நீ எனக்கு எதுக்க நிக்கணும்க்கா. உன் மூஞ்சியப் பாத்தாத்தான் கழுத்த நீட்டுவேன்."

"நீட்டாட்டி மாப்பிள்ளை ஏணி வச்சுக் கட்டுவாரு, போட்டீ" என்றாள் இவள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது நேற்று.

"ஆற்றுக்குள் ஏன் கோயில் கட்டினார்கள்?"

கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள். பேர் மேதா. வந்ததிலிருந்து அவள் ஒருத்திதான் படம் எடுக்காமல் கேள்வி கேட்கிறாள்.

கட்டவில்லை, அங்கே கிடந்த பாறையிலேயே சாமியைச் செதுக்கினார்கள் என்று இவள் சொன்னாள். வெள்ளம் வருகிறபோது உற்சவரை மட்டும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள்.

"பாறையில் இருக்கிற சாமி?"

"அதை எப்படித் தூக்க? தண்ணிக்குள்ளேயே நிற்கும்."

மேதா கொஞ்ச நேரம் கோயிலைப் பார்த்தாள்.

"தாலி கட்டுவதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். அது குடும்பத்துக்கு மட்டும் என்று, வேனில் ஏற்றிவிட்ட அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார். நீங்கள் டிராவல்ஸா?"

"பெண்ணுக்கு அக்கா."

"கூடப் பிறந்த அக்காவா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள்?"

அந்தக் குரலில் குத்தல் இல்லை. தெரியாமல் கேட்கிறாள். தெரிந்தவர்கள் யாரும் இந்த ஒரு வருஷமாக இதைக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. காபியை வாங்கிக் குடித்தாளே. டம்ளரைக் கழுவிக்கூட வைத்தாளே.

விறுவிறுவென்று படியேறினாள். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

டிரைவர் சுடலை சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான்.

"அடுத்து நெல்லையப்பர் கோயிலாக்கா?"

"மண்டபத்துக்கு விடு."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "சாப்பாட்டுக்குத்தானக்கா கூட்டிட்டு வரச் சொன்னாரு. என்னைய வைவாரு."

"வஞ்சா நான் வாங்கிக்கிடுதேன். நீ மெதுவா மட்டும் போகாத."

மண்டபத்து வாசலில் சித்தப்பா பன்னீர்ச் சொம்போடு நின்றார். வேனைப் பார்த்தார். முதல் ஆளாக இறங்கியவளைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

ஆனால் அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார்.

"என்ன தாயி, அதுக்குள்ளயும்?"

"சின்ன ஊருதான சித்தப்பா. சட்டுனு முடிஞ்சிட்டு."

சொம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். தன் தலையில் தானே தெளித்துக்கொண்டாள். சொம்பைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

"வந்தவங்களுக்குத் தெளிங்க. காத்துக்கிட்டு நிக்காங்க பாருங்க."

உள்ளே புகையும் மந்திரமும். மேடையில் வடிவு தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் தலையை அமுக்கினார்கள். மறுபடியும் நிமிர்ந்தாள். கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கே உட்காருவது?" என்று மேதா கேட்டாள்.

"முன் வரிசையில். நேர் எதிரே. எனக்கு ரெண்டு நாற்காலி பிடித்து வையுங்கள்."

"ரெண்டா?"

அவள் அதற்குள் சாமான் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.