பரவாயில்ல சார்

கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டியிருந்த பெட்டி, வாரத்துக்கு ஒருமுறை கண்விழித்து, நோயாளியின் முகத்தையும் குரலையும் வைத்து வலிக்கு மதிப்பெண் போடும். மதிப்பெண் ஏழுக்கு மேல் போனால்தான் வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரை விழும். மேல்முறையீடு கிடையாது.

ஞானசெல்வத்துக்குப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவிவிட்டது. காலையிலிருந்து தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டது பெட்டி.

"பரவாயில்ல சார். நீங்க சாப்பிட்டீங்களா?"

மதிப்பெண் மூன்று.

"எம்மா, அது சாரு இல்ல, மெஷினு!" மகள் பியூலா கத்தினாள். "உயிர் போகுதுன்னு இப்பதான சொன்ன? அத அதுகிட்ட சொல்லு. கொஞ்சம் அழும்மா!"

"வேத்தாள் முன்னால மூஞ்சியச் சுளிச்சா நல்லாவா இருக்கும்ட்டி?"

பெட்டி அணைய இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. பியூலா பெட்டியின் முன்னால் முழங்காலிட்டாள். "எங்கம்மா பொய் சொல்லுதா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மருந்து குடுங்க!" என்று வாய்விட்டு அழுதாள்.

பெட்டி அவளையே பார்த்தது. பிறகு அடியில் சின்னக் கதவு திறந்து ஒரு மாத்திரை விழுந்தது. பியூலா பாய்ந்து எடுத்தாள். உறையில் அவளுடைய பெயர்தான் இருந்தது. பராமரிப்பவரின் மன அழுத்தத்துக்கு, தூக்க மாத்திரை ஒன்று.

"நல்லதாப் போச்சு," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள் ஞானசெல்வம். "நீ தூங்கி எத்தன நாளாச்சு."

பெட்டி அந்தச் சிரிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மதிப்பெண் இரண்டாக இறங்கியது. பச்சை விளக்கு அணைந்தது. இனி அடுத்த வாரம்தான்.