ஏழாம் வாய்ப்பாடு

"உங்க பொண்ணுக்குப் படிப்புல கவனமே இல்லீங்க மேடம்" என்றான் இளம்பரிதி.

மேடம் என்று அவன் சொன்னது கட்டின மனைவி கயல்விழியை. கூட்டம் நடந்த இடம் அவர்கள் வீட்டுக் கூடம். வலங்கைமான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்தவள், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாதாமாதம் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். ஆசிரியர் அவன், பெற்றோர் அவள்.

"ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரலை. ஏழெட்டு எவ்வளவுன்னா நாப்பத்தொம்பதுங்கறா. காவிரி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேட்டா மேக்கேங்கறா. கொல்லையில ஓடுற வாய்க்காலையாவது பாத்திருக்க வேணாமா?"

"வீட்ல அவங்க அப்பா சரியா கவனிக்கிறதில்லீங்க சார். நான் என்ன பண்றது" என்றாள் கயல்விழி.

இளம்பரிதி சிரிக்கவில்லை. பாட நேரத்தில் அவன் சிரிப்பதில்லை. எட்டு வயது நறுமுகை சீருடையில் கைகட்டி நின்றுகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் பள்ளிக்கூடம் என்றாலே ஜெயில்தான் என்று சொல்லித்தான் மகளை நிறுத்தினான். சென்னையில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வந்தவன், கொஞ்ச காலம் ரூமுக்குள்ளேயே படுத்துக் கிடந்தான். அப்புறம் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு எழுந்தான். 'மணி கிடையாது, சீருடை கிடையாது, பரீட்சை கிடையாது. பட்டாம்பூச்சி மாதிரி பிள்ளை தானாகவே கற்றுக்கொள்ளும்' என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

பட்டாம்பூச்சி ஒரு வாரம் வரப்பில் நண்டு வளை நோண்டியது. அதற்குமேல் இளம்பரிதிக்குக் கை பரபரத்தது. கும்பகோணம் போய் வெண்கல மணி வாங்கி வந்தான். அடுத்து சீருடை வந்தது. காலையில் கொல்லையில் பிரேயர் ஆரம்பித்தது. கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டப் போனவனைக் கயல்விழிதான் மண்வெட்டியைப் பிடுங்கி நிறுத்தினாள்.

அவனுக்கே காய்ச்சல் வந்த அன்று, ஆசிரியருக்கு உடம்பு சரியில்லாததால் விடுப்பு வேண்டும் என்று பிள்ளையிடம் லீவு லெட்டர் எழுதி வாங்கினான். பெற்றோர் என்ற இடத்திலும் தலைமையாசிரியர் என்ற இடத்திலும் போர்வைக்குள் இருந்தபடி அவனே கையெழுத்துப் போட்டான்.

பக்கத்து வீட்டு அம்சம் அவனுக்குப் பெரியம்மா முறை. கயல்விழியைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள்.

"பள்ளிக்கூடத்து வாசப்படி ஏற நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் நடவுக்கு வரலைன்னா மிராசு வீட்டு ஆள் வாசல்ல வந்து நிப்பான். அவ்வளவையும் தாண்டித்தான் இவனப் படிக்க வச்சோம். படிச்சவன் புள்ளைய வீட்ல கட்டிப் போட்டிருக்கான். நீயும் பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

அது கயல்விழிக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளை நாளுக்கு நாள் மக்காகிக்கொண்டு போகிறதே என்ற பயம் அவளுக்கும் இருந்தது. இன்றைக்குப் பேசிவிடுவது என்று முடிவோடுதான் வந்திருந்தாள்.

"போதுங்க. ஹெச்.எம். கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை பாப்பாவ ஊர் பள்ளிக்கூடத்துல சேக்குறேன்" என்றாள்.

சாரின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஏழாம் வாய்ப்பாடே வரலை கயலு. இப்படியே அனுப்பினா அங்க சிரிப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள் குடு. நான் தேத்திக் காட்டுறேன்."

கெஞ்சுகிற குரல்தான். ஆனாலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. பெற்ற பிள்ளையின் படிப்பைவிட இந்த மனுஷனுக்குத் தன் கௌரவம் பெரிதாகப் போய்விட்டதே என்று நினைத்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வா பாப்பா. கடைக்குப் போயி ஸ்கூல் பை வாங்கிட்டு வருவோம்."

பாதி வழியில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. வாய்க்கால் மதகை ஒட்டி ஒதுங்கி நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த நறுமுகை, பக்கத்தில் இருந்த வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துத் தண்ணீரில் போட்டாள்.

"இது கிழக்கால போயி கடல்ல சேந்துரும்மா. எந்த ஊர்ல சேரும்னுதான் தெரியல."

கயல்விழி திரும்பிப் பார்த்தாள்.

"ஏழெட்டு எவ்வளவு பாப்பா?"

"அம்பத்தாறு."

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

கயல்விழிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பறம் அப்பாகிட்ட மட்டும் ஏன்டி தப்புத் தப்பாச் சொன்ன? பள்ளிக்கூடம் போகப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்மா. திங்கக்கிழமை போறேன்." பிள்ளை அம்மாவின் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டது. "ஆனா சாயங்காலம் வந்து அப்பாகிட்ட ஏழாம் வாய்ப்பாட்டத் தப்பாத்தான் சொல்லுவேன். எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டா பாடம் முடிஞ்சிரும். அப்பா மறுபடியும் அந்த ரூமுக்குள்ள போயி படுத்துக்குவாரு."