இரண்டு குலவை

யானைகள் சூறையாடிய சோள வயல்களில் ஒலெபிலேயின் வயலும் ஒன்று. வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஊர்க்கூட்டத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் அடுத்த ஊர்க்காரி பொனாங்.

"வருஷத்துக்கு இத்தனைன்னு சுட்டாத்தான் யானைங்க அடங்கும்" என்றார் யானை ஆராய்ச்சியாளர் டாக்டர் தூசோ.

ஒலெபிலே நீளமாகக் குலவை போட்டாள்.

"நல்லாப் போடு ம்மா" என்றாள் பொனாங்.

அடுத்து இன்னொரு ஆராய்ச்சியாளர், டாக்டர் மசேகோ என்ற பெண், எழுந்தார். "அவர் கணக்கே தப்பு. சுட்டா மிச்ச யானைக்கு மூர்க்கம்தான் ஏறும். வேலி போட்டு அடைச்ச பழைய யானைத் தடத்தைத் திறந்துவிடுங்க. அப்புறம் வயல் பக்கம் ஏன் வரப்போகுது?"

"சோளத்தைப் பறிகொடுத்தவங்ககிட்ட இதைச் சொல்லுங்க" என்று தூசோ சீறினார். குறுக்கே பேசக்கூடாதென்று ஊர்த்தலைவர் அதட்டினார்.

ஒலெபிலே மறுபடியும் குலவை போட்டாள். அதே நீளம்.

பொனாங்குக்குப் பொறுக்கவில்லை. "சுடச் சொன்னவனுக்கும் போடறே, சுடாதேன்னவளுக்கும் போடறே. போனது உன் சோளம் ம்மா. ஏதாவது ஒரு பக்கம் நில்லு."

ஒலெபிலே முந்தைய அறுவடைகளை விற்றுப் புத்தகம் வாங்கிய நினைப்பில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்தது. வாதாடிக்கொண்டே வந்த இரண்டு டாக்டர்களும் அவளுடைய நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"விடுடா, அம்மா நாற்காலியை நான் தூக்கறேன்."

"போன தடவை நீதானே அக்கா தூக்கினே?"

பொனாங் வாயைப் பிளந்தாள். "ரெண்டும் உன் பிள்ளைங்களா? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே ம்மா" என்றாள் ஒலெபிலே. "ரெண்டு தடவை. ஊருக்கே கேக்கிற மாதிரி."