காணாமல் போன மூன்று துண்டுகள்

"மூணு துண்டு குறையுதுட்டி. நேத்து ஒட்டினது போக மீதி ஃபோமைக் கட்டிப் படிக்கட்டுலதான் வச்சேன்."

"கீழ்வீட்டம்மாவ விட்டா இந்தப் படியில வேற யாரு ஏறுதா?" என்றாள் வேல்விழி. "நாள் பூரா சாமி கும்பிடுது. கை மட்டும் சும்மா இருக்காது போல."

"சே, அப்படிச் சொல்லாத" என்றாள் இசக்கிசெல்வி. ஆனால் அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான்.

இருவருக்கும் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. தண்டலத்தில் கோவிந்தம்மா வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். இசக்கிசெல்வி குவாலிட்டி பிரிவில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட்.

அவளுக்கு மதிய ஷிஃப்ட். அதனால் வாராவாரம் காலை பத்து மணி ஆன்லைன் மீட்டிங்கில் அறையிலிருந்தே பேச வேண்டும். முதல் தடவை வாயைத் திறந்ததும் கீழே மிக்ஸி ஓடியது. அது நின்றதும் கைத்தடியின் டொக் டொக், அப்புறம் பூஜை மணி.

"என்ன இசக்கிசெல்வி, கோயில்லேர்ந்து பேசறீங்களா?" என்றார் மேனேஜர் ரகுபதி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இங்கிலீஷ் மொத்தமும் அவளுக்கு மறந்துபோனது. அப்புறம் அவள் மைக்கைத் திறக்கவே இல்லை.

"அடுத்த புதன்கிழமை ரிப்போர்ட் நீங்கதான் சொல்லணும். பேசினாத்தான் பெர்மனென்ட் லிஸ்ட்ல உங்க பேரைப் போட முடியும்" என்று ரகுபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சத்தம் உள்ளே வராமலிருக்க, இருங்காட்டுக்கோட்டை பழைய சாமான் கடையில் பேக்கிங் ஃபோம் வாங்கி வந்தாள். சுவரிலும் ஜன்னலிலும் ஒட்ட ஆரம்பித்தாள். கோவிந்தம்மா மேலே வந்து பார்த்தாள்.

"இன்னாமா இது, சுவருக்கெல்லாம் மெத்த தெச்சினு கீற? பெயின்ட்டு பேத்துனு வந்துடப் போவுது."

"புதன்கிழமை பத்து மணிக்கு மீட்டிங்ல பேசணும்மா. பேசினாத்தான் பெர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு வரும். சத்தம் கேட்டா நாக்கு ஒட்டிக்கிடுது. போன தடவ எல்லாரும் சிரிச்சிட்டாவ." எந்தச் சத்தம் என்று அவள் சொல்லவில்லை.

"நல்லா ஒட்டின போ" என்று முணுமுணுத்தபடி கோவிந்தம்மா இறங்கிப் போனாள். மறுநாள்தான் மூன்று துண்டுகள் காணாமல் போயின.

கதவுக்கு ஃபோம் போதவில்லை. போர்வையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

புதன்கிழமை பத்து மணி. இசக்கிசெல்வி கண்ணை மூடி முத்தாரம்மனை நினைத்துக்கொண்டு மைக்கைத் திறந்தாள். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. முதல் இரண்டு வரி தடுமாறினாள். அப்புறம் நிற்கவே இல்லை. குறுக்குக் கேள்விக்கெல்லாம் கூடப் பதில் சொன்னாள்.

"இந்தக் குரலை இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?" என்றார் ரகுபதி. "லிஸ்ட்ல உங்க பேரைச் சேர்த்துட்டேன்."

வேல்விழி அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். "ஃபோமுன்னா ஃபோமுதாம்ட்டி."

ஊரிலிருந்து வந்த அல்வாவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே கிளம்பினார்கள்.

"அல்வா குடுக்கவா, ஃபோமைக் கேக்கவா?" என்றாள் வேல்விழி.

"ரெண்டுக்கும்தான்."

உள்ளே நுழைந்ததும் வேல்விழி அவள் இடுப்பில் கிள்ளினாள். சமையல் மேடையில் மிக்ஸி ஜம்மென்று ஃபோம் மேல் உட்கார்ந்திருந்தது. இசக்கிசெல்வி கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் கோவிந்தம்மாவின் வீட்டுக்காரர் கண்ணப்பன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மாடி வரைக்கும் கேட்கும் அந்த டொக் டொக் சத்தம் இன்று இல்லை. தடியின் நுனியில் ஃபோம் கட்டியிருந்தது.

கேட்க வந்ததை விட்டுவிட்டு, "அம்மா, என் பேரு லிஸ்ட்ல வந்துட்டு" என்றாள் இசக்கிசெல்வி.

"வந்துட்ச்சா!" கோவிந்தம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். "இரும்மா, மொதல்ல கற்பூரம் காட்டிட்டு வந்து அல்வாவ வாய்ல போட்டுக்கறேன்."

கற்பூரத்தை ஏற்றி, பூஜை மணியை எடுத்து ஆட்டினாள்.

சத்தமே வரவில்லை.

"அட, அவுக்க மறந்துட்டேன்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மணியின் நாக்கைச் சுற்றி, நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது மூன்றாவது துண்டு.

"காலைல நீ பேசசொல்ல இப்டித்தான் ஆட்டிகினே உனுக்காக வேண்டிகினு இருந்தேன்" என்றாள் கோவிந்தம்மா. "சாமிக்குக் கேட்டுகீது, பாரேன்."