துணைப்பாடம்தானே!

"அந்தக் கெமிஸ்ட்ரி பரீட்சையை என் பொண்ணுக்குப் பதிலா நான் எழுதலாமா சார்?"

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் தலைமுடி நரைத்த குமாஸ்தாவிடம் யாரும் இப்படியொரு கேள்வியைக் கேட்டதேயில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஊன்றுகோலோடு ஒரு தையல்காரர். சட்டைக் காலரில் ஊசிகூட அப்படியே குத்தியிருந்தது.

"விளையாடுறீங்களா?"

"ஒரு வருஷமாப் படிச்சிருக்கேன் சார். அமிலத்துல லிட்மஸ் சிவப்பாகும், காரத்துல நீலமாகும். எதை வேணாலும் கேளுங்க."

பக்கத்து மேசைகளில் குபீரென்று சிரிப்பு. குமாஸ்தாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மதிப்பெண் பட்டியலை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, பிசிக்ஸ்ல உங்க பொண்ணு வெளுத்து வாங்கியிருக்கா. கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு மட்டும் வரல. அதான் பட்டம் நிக்குது. துணைப்பாடம்தானேன்னு அலட்சியம்! நீங்களாவது கண்டிச்சிருக்க வேணாமா?"

"கண்டிச்சேன் சார்."

"அப்ப அவளையே வந்து எழுதச் சொல்லுங்க."

தையல்காரர் பட்டியலில் இருந்த மகளின் பெயரை விரலால் மெல்லத் தடவினார்.

"அன்னிக்கு நல்ல மழை. நேரமாயிடுச்சுன்னு நான்தான் ஸ்கூட்டரை விரட்டிக்கிட்டு வந்தேன். வளைவுல லாரி. எனக்குக் கால் மட்டும்தான் போச்சு."

குமாஸ்தாவின் கை பட்டியலிலேயே நின்றுவிட்டது.

"பின்னாடி உக்காந்து அவ சொல்லிக்கிட்டேதான் வந்தா சார்... 'துணைப்பாடம்தானேப்பா, அடுத்த தடவை எழுதிக்கலாம். மெதுவாப் போங்க.'"