யாரோட ஒயரோ

அந்தக் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், எல்லா வீட்டு போன் ஒயரும் இன்டர்நெட் ஒயரும் வந்து சேருகிற ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு கறுப்பு ஒயர் ரொம்பக் கர்வமாக வாழ்ந்தது. புது இணைப்புக் கொடுக்க யார் வந்தாலும் அதை லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். "யாரோட ஒயரோ, இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள்.

"பாத்தியா, என்மேல கை வைக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்ல. மூணாவது மாடிக்கு நான்தான் உயிர்" என்று பக்கத்து நீல ஒயரிடம் சொல்லும்.

"அவங்க உன் வழியா கடைசியா எப்பண்ணே பேசினாங்க?" என்றது நீலம்.

கறுப்புக்குச் சுருக்கென்றது. பெட்டியில் குடியிருந்த பல்லியை மேலே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது.

திரும்பி வந்த பல்லி பெட்டியின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

"சொல்லித் தொலை."

"போன் சொருகுற ஜாக்கைக் கழட்டி, ஓட்டையப் பூசி, பெயின்டும் அடிச்சுட்டாங்க. நீ சுவத்துக்குள்ள போறது தெரியுது. வெளிய வர்றது தெரியல."

அன்றிலிருந்து கறுப்புக்கு ஒரே ஆசை. யாராவது தன்னை உருவிப் போட்டுவிட வேண்டும்.

அடுத்த ஆள் வந்து பெட்டியைத் திறந்தபோது, அது முடிந்தமட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவன் பிடித்து இழுத்தான். இன்னும் கொஞ்சம் இழு என்று கெஞ்சியது.

"யாரோட ஒயரோ, இருக்கட்டும்" என்றான் அவன். பிறகு நீல ஒயரையும் இழுத்துப் பார்த்து, அதையே சொல்லிப் பெட்டியை மூடினான்.

"பாத்தியாண்ணே, என்மேலயும் கை வைக்கல" என்றது நீலம்.

கறுப்பு பல்லியைப் பார்த்தது. பல்லி தலையைத் திருப்பிக்கொண்டது.